மையத்து வீட்டுக்கு வந்த பூக்கூடை

ரமீசாவின் குசினியில் நின்று வெறுந்தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் ஒலிபெருக்கியில் என் பெயரைக் கேட்டேன்.

போன வருடம், கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த காலம். ஓர்ஸ் ஹில்லில் எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில், பின்னேரத்தில் காற்றின் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் கிடையாது. அன்று ரமீசா வீடு வேறு மையத்து வீடு, சாவு விழுந்த வீடு. ரமீசாவின் கணவர், அண்ணன் முறை வைத்து நான் ‘நானா’ என்று கூப்பிடும் ஹனீபா, முந்தின நாள் விடியற்புறம் போய்விட்டார். தொழுகைக்கு எழும்பினவர் கட்டிலில் இருந்தபடியே சாய்ந்துவிட்டாராம். அன்றே அடக்கமும் முடிந்தது.

மறுநாளும் முற்றத்தில் தறப்பாள் கொட்டகை அப்படியே நின்றது. நீலப் பிளாஸ்டிக் கதிரைகளில் ஆண்கள் இருந்தார்கள். உள்ளே பெண்கள். அதற்கும் உள்ளே, நடு அறையில், வெள்ளை உடுத்து ரமீசா இத்தா இருந்தாள். கணவன் மௌத்தானால் முஸ்லிம் பெண்கள் நாலு மாதத்துக்கு மேல் வீட்டோடு இருக்கும் காலம் அது. நகை இல்லை, வாசனை இல்லை, பூ இல்லை, வெளி ஆண்கள் முன்னால் வருவதும் இல்லை.

அந்த முற்றத்து வாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்று பிறந்தநாள் பாட்டை அலறவிட்டது. பாட்டுக்கு மேலால் ஒரு குரல்: “கனடாவிலிருந்து அன்பு மகன் கோபியின் சார்பில், இன்று அறுபதாவது அகவையில் காலடி எடுத்து வைக்கும் எங்கள் திலகவதி அம்மாவுக்கு...”

திலகவதி நான்தான். கேத்தல் கையில் இருந்தது.

வெட்கக்கேட்டை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் என் மனம் துள்ளியது. பக்கத்து அறையில் என் ரமீசா தாலாட்ட ஆளில்லாத பிள்ளையாய்க் கிடக்கிறாள், எனக்கோ நெஞ்சுக்குள் ‘எனக்கும் வந்திட்டுது’ என்று ஒரு சந்தோசம். ஒரு கணம்தான். ஆனால் வந்தது வந்ததுதான், அதை இல்லையென்று சொல்ல எனக்கு வாயில்லை.

இந்தக் கூத்து என்னவென்றால்

வெளியூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இப்போது ‘சர்ப்ரைஸ் டெலிவரி’ என்று ஒன்று நடக்கிறது. பிள்ளை வெளிநாட்டில். தாய் இங்கே. பிறந்தநாளுக்குப் பிள்ளை அங்கிருந்து ஓடர் பண்ணினால், இங்கே ஒரு கோஷ்டி பூவும் கேக்குமாக ஓட்டோவில் வந்து இறங்கும். ஒருவர் ஒலிபெருக்கியில் வாழ்த்துச் சொல்ல, ஒருவர் வீடியோ எடுக்க, ஒருவர் கரடி வேசம் போட்டு ஆடுவார். கரடி எதற்கு என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது.

இதற்கும் ஒரு முறை உண்டு. வாங்குகிறவர் முதலில் “ஐயோ, இதெல்லாம் ஏன்” என்று சொல்ல வேண்டும். பிறகு அழ வேண்டும். அழாவிட்டால் வீடியோ எடுக்கிறவருக்கு முகம் சுருங்கிவிடும். பூவை வாங்கின கையோடு உள்ளே கொண்டுபோய் வைக்கக் கூடாது, படம் எடுத்து முடியும் வரை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கடைசியில் கரடிக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுக்க வேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் முதன்முதலில் இது வந்தது மூன்றாம் வீட்டுச் செல்வமணிக்கு. மகள் லண்டனில். செல்வமணி தலையில் காகிதக் கிரீடமும் தோளில் பட்டியுமாக கேற்றடியில் நின்று அழுத அழுகையை நான் என் மதிலால் எட்டிப் பார்த்தேன். பார்த்துவிட்டு அன்று பின்னேரமே ரமீசா வீட்டில் போய் ஆடிக் காட்டினேன். கரடியும் நானே, செல்வமணியும் நானே. ரமீசா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

ஹனீபா நானா மட்டும் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். உள்துறைமுகத்தடியில் படகுக்குக் கயிறும் பெயின்றும் விற்கிற கடை அவருக்கு. சிரிக்காமல் பகிடி விடுவதில் மன்னன்.

“அப்ப திலகத்துக்கு இப்பிடி ஒண்டு வந்தா என்ன செய்வீங்க?” என்றார்.

“கரடிக்கு விளக்குமாறாலதான் வரவேற்பு, நானா.”

“ஓம் ஓம்,” என்றார்.

அன்று இரவு கோபி தொலைபேசியில் வந்தபோது செல்வமணி கதையை அவனுக்கும் சொன்னேன். “எனக்கு உந்த விசர்க்கூத்து ஒண்டும் வேண்டாமடா” என்றேன். அவன் கேட்காமலே சொன்னேன். பிறகு வந்த கிழமைகளிலும் இரண்டு மூன்று தரம் சொன்னேன். ஒன்றை வேண்டாம் என்று அத்தனை தரம் சொல்கிற தாயை எந்தப் பிள்ளைக்குத்தான் விளங்காது.

பூ விசயத்தில் நான் நீதிபதி

துறைமுகப் பக்கத்துக் கந்தோர் ஒன்றில் தொலைபேசிப் பலகையில் இருந்து இணைப்புக் கொடுத்த காலத்தைப் பற்றி முந்தி எழுதியிருக்கிறேன். அங்கே பூ ஓடர் கொடுக்கிற வேலையும் என் தலையில்தான் விடிந்தது. கப்பல் வந்தால் பூச்செண்டு, அதிகாரி மாறிப் போனால் பூச்செண்டு, யாராவது செத்தால் மலர்வளையம். தொலைபேசி என் கையில் இருந்ததால் பூவும் என் கைக்கு வந்தது.

எனக்கு அதற்கு முன் பூவைப் பற்றி ஒன்றும் தெரியாது. என் தாய்வீடு வெருகல். அங்கே பூ என்றால் முருகனுக்கு. மனிசருக்குப் பூப்போட்டால் ஒன்றில் அவருக்குக் கல்யாணம், இல்லாவிட்டால் சாவு. சும்மா கிடக்கிற ஒருவரிடம் போய்ப் பூவை நீட்டினால் ஆளுக்கு என்னவோ நடந்துவிட்டது என்று வீட்டில் ஒப்பாரி கேட்கும்.

கந்தோரில் ஒவ்வொன்றாய்ப் பிழைவிட்டுத்தான் பழகினேன். ஒரு அதிகாரியின் மனைவிக்கு முழுவதும் வெள்ளைச் செவ்வந்தியில் செண்டு அனுப்ப, அந்த அம்மா அதைச் சாரதியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டா. “என்னை எப்ப எடுக்கப் போறீங்களாம் எண்டு கேட்டுக்கொண்டு வா” என்று சொல்லிவிட்டாவாம். அதற்குப் பிறகு உயிரோடிருக்கிறவருக்கு நான் தனி வெள்ளை அனுப்பியதில்லை.

இன்னொரு தரம், மூதூர்க்காரரான ஒரு சக ஊழியரின் தகப்பன் மௌத்து. புதிதாய் வந்த அதிகாரி மலர்வளையம் அனுப்பச் சொன்னார். நான் ஏலாது என்று சொல்லிவிட்டேன். “சேர், அவையின்ட வீட்டில வெள்ளைக்கொடி கட்டமாட்டினம், பனர் வைக்கமாட்டினம், மேளம் இல்லை, மலர்வளையமும் இல்லை. போய்க் கதிரையில இருந்து நாலு வார்த்தை கதைச்சிட்டு வந்தாக் காணும்” என்றேன். அவர் நான் சொன்னபடி கேட்டார். அன்றிலிருந்து கந்தோரில் பூ விசயம் என்றால் திலகத்திடம் கேள் என்று ஆகிவிட்டது. எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம்.

நான் ஓய்வு பெற்றபோது எனக்கும் ஒரு செண்டு தந்தார்கள், கண்ணாடிப் பூச்சாடியோடு. பூ வாடினதும் அந்தச் சாடிக்குள் நான் அகப்பைகளைக் குத்தி வைத்தேன். ஹனீபா நானா அதைக் கண்டுவிட்டு, “முப்பது வருச சேவைக்கு அகப்பைக்கூடு” என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், மையத்து வீட்டுக்குப் பூ அனுப்பக் கூடாது என்று ஊருக்கே சட்டம் படிப்பித்தவள் நான். என் பெயரைச் சொல்லித்தான் அந்தப் பூ வந்தது.

கரடி

கேத்தலை வைக்கவும் தோன்றாமல் பின்வாசலால் முற்றத்துக்கு வந்தேன்.

கொட்டகைக்குள் இருந்த ஆண்கள் எழும்பி நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் மண்ணிறக் கரடி ஒன்று இடுப்பை ஆட்டிக்கொண்டு, ஒரு பெரிய பிரம்புக் கூடை நிறையப் பூவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தது. ரோசா, மஞ்சள் செவ்வந்தி, நடுவில் சிவப்பு நாடா. ஒலிபெருக்கி வைத்திருந்தவரின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. அவருக்கு என்னவோ பிழை என்று பட்டுவிட்டது. கரடிக்கு இன்னும் படவில்லை.

ரமீசாவின் மூத்த மகன் றிஸ்வான் பாய்ந்து போனான். கடையைப் பார்க்கிறவன், பிள்ளைகுட்டிக்காரன். சாதாரணமாகச் சத்தம் போட்டுக் கதைக்காதவன்.

“ஆரு நீங்க? இது என்ன இடமெண்டு தெரியுமா? எங்கட வாப்பா மௌத்தாகி முழுசா ரெண்டு நாள் இல்ல.”

பாட்டு நின்றது. கரடி கூடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தன் தலையைக் கழற்றியது. உள்ளே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர், தாடியெல்லாம் வியர்வை. “இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்” என்றார். மௌத்துச் செய்தி கேட்டால் சொல்கிற அந்த வாசகத்தைக் கரடித் தலையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றபடி சொன்னார்.

“நான் கிண்ணியா, தம்பி. இந்தத் தலைக்குள்ள இருந்தா ஒண்டும் தெரியாது. மன்னிச்சுக்கங்க.”

ஒலிபெருக்கிக்காரருக்கு அழுகை வரும் போல இருந்தது. “வெள்ளைக்கொடி இல்ல, பனர் இல்ல அண்ணை. கொட்டகையும் கதிரையும் கிடக்கக்குள்ள பிறந்தநாளுக்கு ஆயத்தம் எண்டு நினைச்சிட்டம். சொன்ன வீட்டுக்குத்தான் வந்தனாங்கள். பச்சைக் கேற், மாமரம், எல்லாம் சரி. சொன்ன நம்பருக்கு எடுத்தும் பார்த்தம், ஓஃப்.”

பச்சைக் கேற்றும் மாமரமும் ரமீசா வீடு. என் கேற் மண்ணிறம். கோபி ஊரை விட்டுப் போய் எத்தனையோ வருடம், இரண்டு வீட்டையும் மாறி அடையாளம் சொல்லித் தொலைத்திருக்கிறான் என்று நினைத்தேன். என் போன் காலையிலிருந்து வீட்டு மேசையில்தான் கிடந்தது, சார்ஜ் இறங்கியிருக்கும். பல்லை நெருமினேன்.

அவர்களோடு வந்த பெண்பிள்ளை இதற்குள் என்னைக் கண்டுவிட்டாள். அவள் போனில் என் படம் இருந்தது. அவள் ஓட்டோவுக்குள் இருந்து அப்போதுதான் இறங்கினவள், ஒன்றும் அறியாள். “இந்தா அம்மா” என்று ஓடி வந்து என் தலையில் எதையோ வைத்தாள். கரடியின் காலடியில் இருந்த கூடையை எடுத்து என் கையில் திணித்தாள். ஒரு கையில் கேத்தல், மற்றக் கையில் பூ.

“திலகம் அன்ரி, இது உங்களுக்கா?” என்று றிஸ்வான் கேட்டான். கோபமில்லை அந்தக் குரலில். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

கந்தோரையே பயப்படுத்தின நாக்கு எனக்கு, அந்த ஒரு கேள்விக்குத் தலையைத்தான் ஆட்டினேன்.

அப்போது நடு அறை யன்னல் திரைக்குப் பின்னால் இருந்து ரமீசாவின் குரல் வந்தது. அழுது கரகரத்த குரல்.

“றிஸ்வான், அந்தப் புள்ளைகள ஏசாத. திலகத்தக் கொண்டுபோகச் சொல்லு. வாசலுக்கு வந்த பூவத் திருப்ப வேணாம்.”

“ராத்தா, சத்தம் வெளியில கேக்குது” என்று உள்ளே யாரோ அவளை அடக்கினார்கள்.

கிரீடம்

முற்றத்திலிருந்து என் வீட்டுக்கு ஒழுங்கையைக் கடந்தால் சரி. ஆண்கள் விலகி வழி விட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். பின்னால் அந்தக் கிண்ணியாக்காரர் வந்து, “வீடியோவ அழிச்சிட்டம் அம்மா, ஒண்டும் போடமாட்டம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

உள்ளே போய் அலுமாரிக் கண்ணாடியைப் பார்த்தேன். தலையில் பொன்னிறக் காகிதக் கிரீடம். நடுவில் ‘அம்மா’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. அதோடுதான் மையத்து வீட்டு முற்றத்தில் நின்றிருக்கிறேன். அதோடுதான் ஒழுங்கையைக் கடந்திருக்கிறேன்.

கட்டிலில் விழுந்து அழுதேன். முறைப்படி அழ வேண்டிய அழுகை கொஞ்சம் பிந்தி வந்தது.

பொழுதுபட முதல் பூவை எல்லாம் கூடையிலிருந்து பிடுங்கி ஒழுங்கை முனையில் கொண்டுபோய்க் கொட்டினேன். எங்கள் ஊரில் மான் தெருவுக்கு வருவது ஒரு புதினமில்லை. நான் திரும்பி நடக்க முதலே இரண்டு வந்து ரோசாவில் வாய் வைத்துவிட்டன. கூடையை மட்டும் எறியவில்லை. நல்ல பிரம்பு. அந்த நிலையிலும் கூடையின் தரத்தைப் பார்த்தேனே என்று அதற்கும் ஒரு வெட்கம்.

பிறகு கோபி எடுத்தான்.

“அம்மா, எப்பிடி? சந்தோசமோ?”

“மையத்து வீட்டுக்குக் கரடி அனுப்பினவனுக்கு என்ன சந்தோசமடா வேணும்?”

“என்னது? ஆற்ற மையத்து?”

“ஹனீபா நானா. நேற்று விடிய.”

அவன் மெல்ல, “அம்மா, நான் அவரோட...” என்று தொடங்கினான்.

“கதையாத. ஒரு சொல்லும் கதையாத. சொந்த வீட்டு அடையாளம் சொல்லத் தெரியாதவனுக்கு என்ன கதை. இனி நான் எந்த முகத்தோட அந்தப் படி ஏறுறது?” என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் அவன் இரண்டொரு தரம் அந்தப் பேச்சை எடுத்தான். எடுத்த இடத்திலேயே வெட்டினேன். எனக்கு வெட்கம் வந்தால் அது வாயால் கோபமாகத்தான் வரும்.

முழங்கால் வலி

ஹனீபா நானா செத்தவுடன் ஞாபகம் வந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தக் கிழமை திங்கட்கிழமைதான் நானா மதிலடியில் நின்று என்னைக் கூப்பிட்டிருந்தார். “திலகம், இந்தப் புதுப் போன்ல தமிழ் எழுத்து வருதில்ல. வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணி போல வந்து பார்த்துத் தாங்க” என்றார். வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். வியாழக்கிழமை நாலு மணிக்கு அந்த வீட்டில்தான் நின்றேன், ஆனால் அவர் இல்லை. அந்த எழுத்தைத் திங்கட்கிழமையே பார்த்துக் கொடுத்திருக்கலாமே என்பதும் சேர்ந்து குத்திக்கொண்டிருந்தது.

என் மனுசன் சண்டைக்காலத்தில் நோயாய்க் கிடந்து போன பிறகு, எனக்கு இந்த ஒழுங்கையில் சொந்தம் என்று இருந்தது ரமீசா ஒருத்திதான். கோபிக்குக் காய்ச்சல் என்றால் அவள் வந்து படுப்பாள். அவளுக்கு ஒப்பரேசன் என்றால் நான் போய் நிற்பேன். இத்தா இருக்கும் பெண்ணைப் பெண்கள் எந்த நேரமும் போய்ப் பார்க்கலாம், ஒரு தடையுமில்லை. அந்த நாலு மாதமும் அவளோடு போய் இருக்க வேண்டிய முதல் ஆள் நான்.

நான் போகவில்லை.

மூன்றாம் நாள் போகவில்லை. அதனால் ஏழாம் நாள் போக முகமில்லை. அதனால் மாதம் முடிந்தபோது இன்னும் முகமில்லை. முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். புட்டும் வட்டிலப்பமும் செய்து செல்வமணியின் கையில் கொடுத்தனுப்பினேன். செல்வமணியின் கையில். யாரைப் பகிடி பண்ணினேனோ அவளைத்தான் தூது அனுப்பினேன்.

ஒவ்வொரு தரமும் செல்வமணி வெறும் பாத்திரத்தோடு திரும்பி வந்து, “திலகத்துக்கு முழங்கால் எப்பிடி எண்டு ரமீசா கேட்டவ” என்பா. நான் குனிந்து முழங்காலைத் தடவுவேன்.

அவள் துக்கத்தில் நான் கரடி ஆட விட்டேன் என்று நினைப்பாள் என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயம், அந்த ஒரு கணச் சந்தோசத்தை என் முகத்தில் அவள் திரைக்குப் பின்னால் இருந்து கண்டிருப்பாளோ என்பது. நட்பு முடிந்தது என்றே முடிவு கட்டினேன்.

கூடை

இத்தா முடிந்த மறுநாள் என் கேற் கிறீச்சிட்டது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தால் ரமீசா. மெலிந்திருந்தாள். வீட்டை விட்டு வெளியே அவள் வைத்த முதல் அடி என் முற்றத்தில்.

“முழங்கால் எப்பிடி?” என்றாள்.

“பரவாயில்ல.”

“நல்லா நடக்கிறாய்தானே. சந்தைக்குப் போகக்குள்ள யன்னலால பார்க்கிறனான்.”

எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போல இருந்தது. அவள் பழையபடி நேரே குசினிக்குள் வந்தாள். கதிரையை இழுத்தாள். மேசையைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மேசையில் அந்தப் பிரம்புக் கூடை.

“பூ எங்க?”

“மான் திண்டிட்டுது.”

ரமீசா என்னைப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கச் சிரித்தாள், கதிரையில் இருந்து சிரித்தாள். “யா அல்லாஹ், இத அந்த மனுசன் கேக்காமப் போயிட்டாரே” என்றாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. நான் போய் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

“ரமீசா, அண்டைக்கு நடந்ததுக்கு...”

“என்ன நடந்தது? அவங்க பிழையா வரல்ல. எங்கட வீட்டுக்குத்தான் வந்தாங்க.”

எனக்கு விளங்கவில்லை.

“கோபி அவரோடதான் கதைச்சவன். உனக்குத் தெரியாமச் செய்ய வேணும், நீ அறிஞ்சா வேணாமெண்டு கத்துவாய் எண்டு. இவர்தான் சொன்னாரு, என்ட வீட்டுக்கு அனுப்பு, நான் போனப் பார்க்கக் கூப்பிடுற மாதிரிக் கூப்பிட்டு வச்சிருக்கிறன் எண்டு. அவர்ட நம்பரத்தான் குடுத்திருந்தான். எழுத்தும் இல்ல, ஒண்டும் இல்ல, போன் நல்ல போன்.”

ஓஃபில் இருந்த நம்பர். பச்சைக் கேற். “அம்மா, நான் அவரோட...” எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் தலையில் இறங்கியது.

“உனக்குத் தெரியுமா அது?”

“அவர் போற வரைக்கும் அத நினைச்சு நினைச்சுச் சிரிச்சுக்கொண்டு இருந்தாரு. நான் கேட்டன், திலகம் விளக்குமாறு எடுப்பாளே எண்டு. இல்ல, அவ வாயாலதான் வேணாம் எண்டு சொல்றா, செல்வமணிக்கு வந்த அண்டு அந்த மதிலால எட்டி எட்டி முடியும் வரைக்கும் பார்த்தா, நான் கடைக்குப் போகக்குள்ளயும் கண்டன், திரும்பி வரக்குள்ளயும் கண்டன் எண்டு சொன்னாரு.”

நான் தலையை மேசையில் வைத்துவிட்டேன். ஊரெல்லாம் மறைத்த ஆசை அது. அவர் கண்டிருக்கிறார், கண்டும் பகிடி பண்ணவில்லை.

“பாட்டுச் சத்தம் கேட்டவுடன எனக்கு விளங்கிட்டுது” என்றாள் ரமீசா. “அவர்ட கடைசி வேலை அது. நீ வருவாய், கரடிய ஆடிக் காட்டுவாய், நானும் இதச் சொல்லுவன் எண்டு பார்த்துக்கொண்டே இருந்தன். வந்தவங்க எல்லாரும் அவர நினைச்சு அழுதாங்க. சிரிச்சு நினைக்க எனக்கு உன்ன விட்டா ஆரு இருக்கா, திலகம்?”

என்னை ஏசியிருந்தால் திருப்பி ஏசிவிட்டாவது தப்பியிருப்பேன். நாலு மாதத்துக்கு மேல் அவளைத் தனியே அழவிட்டு, என் வெட்கத்தை நான் முழங்காலைப் போலத் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன். பூவுக்காக வெட்கப்பட்டது வீண் வெட்கம். வெட்கப்பட வேண்டியது இதற்கு. அதைச் சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன்.

“சரி, காணும்” என்றாள். முகத்தைத் துடைத்தாள். “அந்தக் கிரீடம் இருக்கா?”

இருந்தது. அலுமாரிக்குள், சேலைகளுக்கு அடியில்.

“போட்டுக் காட்டு. அண்டைக்குத் திரைக்குள்ளால பின்பக்கம்தான் தெரிஞ்சது. அவர் பார்க்க ஆசைப்பட்டது, நானாவது பார்க்கிறன்.”

எடுத்துக்கொண்டு வந்து போட்டேன். குசினி நடுவில் அவளுக்கு முன்னால் நின்றேன். ரமீசா கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள். நான் கரடியை ஆடிக் காட்டினேன். முழங்கால் நோகாமல் ஆடினேன்.

போக எழும்பும்போது அவள் கூடைக்குள் கையை விட்டு இரண்டு கைப்பிடி எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டாள்.

“கூடை வேணுமெண்டதும் அவர்தான். மற்றவங்களுக்கெல்லாம் கண்ணாடித் தாளில சுத்தித்தானே குடுக்கிறாங்க, ஏன் உங்களுக்குக் கூடை எண்டு கேட்டன். பூ ரெண்டு நாளில வாடிரும், கூடையில திலகம் வெங்காயம் போடும் எண்டு சொன்னாரு.”

முந்தானையில் அவள் எடுத்துக்கொண்டதும் வெங்காயம்தான்.

அவளை வீடு வரை கொண்டுபோய் விட்டேன். ஒழுங்கையில் செல்வமணி நின்று பார்த்தா, சைக்கிளில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தலையில் கிரீடம் இருப்பது இந்த முறை எனக்குத் தெரியும்.